டெகார்த் மீது போட்ட பழி

உடலும் மனமும் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் யோகா வகுப்புகளின் துண்டறிக்கைகளிலும் ஒரே குற்றப்பத்திரிகைதான் திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகிறது. உடலையும் மனத்தையும் இரண்டாக வெட்டியவர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெகார்த். அந்த வெட்டிலிருந்துதான் மேற்கத்திய மருத்துவம் நோயாளியை மறந்து உறுப்பை மட்டும் பார்க்கத் தொடங்கியது. நம் மரபோ இரண்டையும் ஒருநாளும் பிரித்ததில்லை. எதையும் முழுமையாகவே பார்த்தது. மூன்று கூற்றுகள், மூன்றும் தவறு. முதலாவதைப் பாதித் தவறு என்று வேண்டுமானால் சலுகை காட்டலாம். மற்ற இரண்டுக்கும் அதுவும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், மேற்கைச் சாடும் இந்தக் குற்றச்சாட்டே மேற்கிலிருந்து இரவல் வாங்கியது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் கில்பர்ட் ரைல் 1949இல், டெகார்த்தின் மனம் என்பது இயந்திரத்துக்குள் இருக்கும் பேய் என்று கேலி செய்தார். 1975இல் நவீன இயற்பியலையும் கீழைத்தேய ஞானத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு நூல் எழுதிய ஃபிரிட்ஜாஃப் காப்ரா, 1982இல் மேற்கத்திய மருத்துவத்தின் குறைகளுக்கு டெகார்த்தின் கணக்கில் பற்று எழுதினார். நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ 1994இல் தம் நூலுக்கு வைத்த பெயரே 'டெகார்த்தின் பிழை'. அந்தத் தலைப்பைத் தாண்டி உள்ளே போனவர்களைவிடத் தலைப்பை மேடையில் சொன்னவர்களே அதிகம் இருப்பார்கள்.

டெகார்த் எழுதியதைத் திறந்து பார்த்தால் வழக்கு ஆட்டம் காண்கிறது. 1641இல் வெளிவந்த 'தியானங்கள்' நூலின் ஆறாவது தியானத்தில், கப்பலுக்குள் மாலுமி இருப்பதுபோல மனம் உடலுக்குள் இருக்கவில்லை என்கிறார் அவர். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான். உடலில் காயம் பட்டால் நாம் பார்த்தா தெரிந்துகொள்கிறோம்? வலிக்கிறது. பசியும் தாகமும் அப்படித்தான். மனமும் உடலும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால்தான் இது நடக்கிறது என்பது அவர் முடிவு. இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்று நிறுவிய அதே தியானத்தில்தான் இதுவும் இருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து வந்த 'தத்துவத்தின் அடிப்படைகள்' நூலில் அவர் ஒரு சிறுமியின் கதையைச் சொல்கிறார். கையில் பெரிய புண். மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் பயப்படக் கூடாதென்று கண்ணைக் கட்டிவிடுவார்கள். புண் அழுகிப்போனதால் முழங்கை வரை வெட்டி எடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாதபடி அந்த இடத்தில் துணிகளைச் சுற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பெண், இல்லாத கையின் ஒரு விரலில் வலிக்கிறது, இன்னொரு விரலில் வலிக்கிறது என்று முறையிட்டுக்கொண்டே இருந்தாளாம். விரலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நடுவழியில் தூண்டப்பட்டாலும் மனம் அதை விரலின் வலியாகவே உணரும் என்று டெகார்த் விளக்கினார். விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னால் மாறின. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இல்லாத கை இருப்பதுபோலக் காட்டி, இதே வகை வலிக்கு வழி தேடினார். உடலை மறந்தவர் என்று பழிக்கப்படுபவர் எடுத்துவைத்த கேள்விதான் அது.

1645இல் பொஹீமியா இளவரசி எலிசபெத்துக்கு விடாத மெல்லிய காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. அரியணை பறிபோய் ஹாலந்தில் அகதியாக வாழ்ந்த குடும்பம் அது. டெகார்த் கடிதம் எழுதினார்: இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு வழக்கமான காரணம் மனத்துயரம். அடுத்து எழுதியதில் தம் கதையையே சொன்னார். தமக்கும் தாயிடமிருந்து வறட்டு இருமலும் வெளிறிய நிறமும் வந்தன. மருத்துவர்கள் எல்லோரும் இளம்வயதிலேயே இறந்துவிடுவார் என்று கைவிரித்தார்கள். எதையும் நல்ல கோணத்தில் பார்க்கும் பழக்கம்தான் அதைப் போக்கியது என்று அவர் நம்பினார். இன்றைய ஆரோக்கிய இதழ் எதிலும் அப்படியே அச்சிடலாம். அவருடைய பெயரைப் போட்டால் மட்டும் ஆசிரியர் குழு திகைத்துப்போகும்.

பழி சுமத்துவோர் எங்கே சறுக்குகிறார்கள்? உடலும் மனமும் 'ஒன்றையொன்று பாதிக்கின்றன' என்பதும் 'இரண்டும் ஒன்றே' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். கவலையால் வயிற்றுப்புண் எரிகிறது, மூச்சுப்பயிற்சியால் பதற்றம் தணிகிறது என்ற உதாரணங்களை அடுக்கிவிட்டு, பார்த்தீர்களா இரண்டும் ஒன்றுதான் என்று முடிப்பது தர்க்கத்தில் ஒரு தாவல். இரண்டும் வேறு என்ற இருமைவாதியான டெகார்த் பாதிப்பை மறுத்ததில்லை. பாதிப்பு எப்படி நிகழ்கிறது என்று சொல்ல முடியாமல் தவித்தது வேறு கதை. அந்தத் தவிப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரும் மேலே சொன்ன இளவரசிதான். 1643 மே மாதம், தமது 24ஆம் வயதில், அவர் டெகார்த்திடம் கேட்டார்: தள்ளுவதற்குத் தொடுதல் வேண்டும், தொடுவதற்குப் பரப்பு வேண்டும்; நீங்கள் சொல்லும் ஆன்மாவுக்குப் பரப்பே இல்லையே, அது எப்படி உடலை அசைக்கிறது? டெகார்த் எடை என்ற பண்பை உவமையாகச் சொல்லிப் பார்த்தார். இளவரசி ஏற்கவில்லை. கடைசியில், தத்துவ யோசனையை ஆண்டுக்குச் சில மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உடலும் ஆன்மாவும் சேர்ந்திருப்பது அன்றாட வாழ்க்கையிலேயே தெரிந்துவிடும் என்ற பொருளில் எழுதினார். நழுவல்தான். ஆனால் நழுவியவர் மீது வைக்க வேண்டிய வழக்கு இது. உடலை மறந்தார் என்பது அல்ல.

உறுப்பை மட்டும் பார்க்கும் மருத்துவர் பற்றிய புகாரும் முகவரி மாறியே போகிறது. நோயாளி சொல்வதைக் காதில் வாங்காமல் ஸ்கேன் படத்தை மட்டும் பார்ப்பவர், மனச்சோர்வு என்றால் மூளை வேதியியல், மாத்திரை போதும் என்பவர், ஆன்மாவைத் தனிப் பொருளாக நம்புகிறவரா? அவர் உடலைத் தவிர வேறெதையும் கணக்கில் எடுப்பதே இல்லை. பிரெஞ்சு மருத்துவர் லா மெத்ரி 1747இல் 'மனிதன் ஓர் இயந்திரம்' என்று நூல் எழுதி, டெகார்த் விலங்குகளுக்குச் சொன்ன இயந்திரக் கணக்கை மனிதனுக்கும் நீட்டினார். ஸ்கேனை மட்டும் பார்க்கும் மருத்துவரின் குரு லா மெத்ரிதான். அவர் உடல் ஒன்றே உண்டு என்ற ஒருமைவாதி.

சரி, நம் மரபுக்கு வருவோம்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய 'சிவஞானபோதம்' சைவ சித்தாந்தத்தின் தலைநூல். 12 சூத்திரங்கள். அதன் மூன்றாம் சூத்திரம் முழுக்க ஒரே வேலைதான் செய்கிறது: உடலிலிருந்து வேறாக ஆன்மா என்று ஒன்று உண்டு என நிறுவுவது. ஐந்து புலன்கள் தனித்தனியே அறிவதை ஒன்றாக அறிவது ஒன்று இருக்கிறது. 'எனது உடல்' என்று உடலைத் தனக்கு வேறாகப் பேசுவது ஒன்று இருக்கிறது. தூக்கத்தில் உடல் கிடந்தாலும் உண்பதும் செயல்படுவதும் நின்றுவிடுகின்றன. இப்படிக் காரணங்கள் வரிசையாக வருகின்றன. அந்த ஆன்மா தங்கியிருக்கும் உடலை மெய்கண்டார் என்னவென்று சொல்கிறார்? மாயையால் ஆன இயந்திரம் என்கிறார். இயந்திரத்துக்குள் ஆன்மா! ரைல் கேலி செய்த அதே படத்தை, டெகார்த்துக்கு 400 ஆண்டுகள் முன்பே, திருவெண்ணெய்நல்லூரில் ஒருவர் தமிழில் தீட்டி வைத்திருக்கிறார். நான்காம் சூத்திரம் இன்னும் ஒரு படி போய், மனம், புத்தி, அகங்காரம் முதலான உட்கருவிகளும் ஆன்மா அல்ல என்று ஒதுக்குகிறது. டெகார்த் சிந்தனையை ஆன்மாவின் பக்கம் வைத்தார். மெய்கண்டார் சிந்திக்கும் கருவியையே சடத்தின் பக்கம் தள்ளினார். வெட்டு இங்கே இன்னும் ஆழம்.

சாங்கியம் என்ற தத்துவ மரபும் அப்படித்தான். ஈசுவரகிருஷ்ணரின் 'சாங்கிய காரிகை' சொல்லும் 25 தத்துவங்களில் 24 பிரகிருதியை, அதாவது சடத்தை, சேர்ந்தவை. மனமும் புத்தியும் அவற்றில் அடக்கம். எதிலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் புருடன் என்ற ஆன்மா மட்டும் தனி. பதஞ்சலியின் யோக நூல் இந்தச் சட்டகத்தின் மேல்தான் நிற்கிறது. அதன் இறுதி இலக்கான கைவல்யம், புருடன் பிரகிருதியிலிருந்து விடுபட்டுத் தனித்து நிற்பது. 2014 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மோடி யோகத்தை மனமும் உடலும் ஒன்றாவதன் வடிவமாக எடுத்துச்சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜூன் 21 உலக யோகா நாளானது. காலையில் பாயை விரித்து ஆசனம் செய்கிறவர்களுக்கு அதனால் நன்மை விளைவதில் சண்டையில்லை. ஆனால் பதஞ்சலியின் பெயரை அந்தப் பதாகையில் எழுதும்போது, அவர் கற்பித்தது இணைப்பை அல்ல, பிரிந்து நிற்பதை என்பதை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

'அத்வைதம் இருக்கிறதே' என்பார்கள். அத்வைதம் இரண்டல்ல என்று சொன்னது சீவனையும் பிரம்மத்தையும் பற்றி. சங்கரர் பிரம்ம சூத்திர உரையைத் தொடங்குவதே, அறிபவனும் அறியப்படும் பொருளும் ஒளியும் இருளும்போல எதிரெதிரானவை என்ற அறிவிப்போடுதான். 'நான் பருமன்', 'நான் மெலிந்தவன்' என்று உடலின் தன்மையை ஆன்மாவின் மேல் ஏற்றிப் பேசுவதை அவர் அடிப்படை அறியாமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். உடலும் நானும் ஒன்று என்பதை இவ்வளவு கடுமையாக மறுத்தவரை 'உடல்-மன ஒருமை'யின் தூதராக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மேடைகளில் அதிகம் அடிபடும் பெயர் திருமூலருடையது. உடலைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்று பொருள்படும் அவருடைய பாடல் உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் அவருடைய வரலாறு என்ன? பொதிகைக்குப் புறப்பட்ட சிவயோகி ஒருவர், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயரம் தீர, தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். மாலையில் மாடுகள் வீடு திரும்புகின்றன. கணவனைக் காணாத மூலனின் மனைவி தேடி வந்து அவரைத் தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகி, அவர் பொதுமடத்துக்குப் போய்விடுகிறார். மறுநாள் ஊரார் வந்து பார்த்து, இவர் யோகநிலையில் இருப்பவர், இனி உன் கணவன் ஆகமாட்டார் என்று அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். யோகி தம் பழைய உடலைத் தேடிப் போனால், அது அங்கே இல்லை.

இதைவிடத் துல்லியமான இருமைவாதக் கதை உலகில் எங்கே இருக்கிறது? ஜான் லாக் 1694இல் ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவன் உடலுக்குள் புகுந்தால் அந்த ஆள் யார் என்று கேட்டார். தத்துவ வகுப்புகள் அந்தக் கேள்வியை இன்றும் விடவில்லை. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரில் அந்தக் கேள்வி மனைவியோடும் ஊர்ப் பஞ்சாயத்தோடும் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு உடல்தான் கணவன். ஊராருக்கு உள்ளே இருப்பவர்தான் ஆள். சேக்கிழார் ஊரார் பக்கம். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று ஒரு வழக்கறிஞர் இன்றைக்கு வாதாடினால் கேட்கச் சுவையாக இருக்கும்.

நூல்களை விட்டு ஊருக்குள் வந்தாலும் இதே கதைதான். திதி கொடுப்பது, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது, சாமியாடுவது, பேயோட்டுவது எல்லாமே உடலை விட்டு நீங்கவும் வேறு உடலில் ஏறவும் கூடிய ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தில் நிற்கின்றன. உளவியலாளர் பால் புளூம் 2004இல் எழுதிய நூலில், குழந்தைகள் இயல்பாகவே இருமைவாதிகள் என்று வாதிட்டார். டெகார்த்தைப் படித்துவிட்டு யாரும் வேப்பிலை எடுக்கவில்லை. இந்த நம்பிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். பிடித்திருப்பது நோயல்ல, வேறொன்று என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் ஆட்களை அழைத்துவரும் ஊர் அது. மனத்தைப் புறக்கணித்த பழி முழுவதையும் ஒரு பிரெஞ்சுக்காரரின் தலையில் கட்டுகிறவர்கள் ஏர்வாடியை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அப்படியானால் உடலைத் தாண்டி ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் இங்கே இல்லையா? இருந்தார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் 'முழுமை' என்ற போர்வை மூடிவிடுகிறது. 'மணிமேகலை'யின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயவாதிகளின் கருத்தைக் கேட்கும் மணிமேகலை பூதவாதி ஒருவனைச் சந்திக்கிறாள். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால், அவை தனித்தனியே தராத போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் போய்விடுகிறது என்பது அவன் வாதம். கூறுகளிடம் இல்லாத பண்பு கூட்டத்தில் எழலாம் என்று இன்றைய தத்துவவாதிகள் சொல்வதற்கு, காய்ச்சுகிற பானைக்குள்ளிருந்தே எடுத்த உதாரணம் அது. 'நீலகேசி'யும் பூதவாதத்தை மறுப்பதற்கென்றே ஒரு சருக்கத்தை ஒதுக்கியிருக்கிறது. மறுக்க ஒரு சருக்கம் தேவைப்பட்டது என்றால் எதிராளி சொத்தை ஆளாக இருந்திருக்க முடியாது.

பாலி மொழியின் 'தீக நிகாய'த்தில் வரும் பாயாசி என்ற சிற்றரசன் இன்னும் ஒரு படி மேலே. அவன் சோதனை செய்து பார்த்தவன். திருடன் ஒருவனை உயிரோடு ஒரு சாலுக்குள் இறக்கி, வாயை ஈரத்தோலால் கட்டி, மேலே களிமண் பூசி, அடுப்பில் ஏற்றச் சொன்னான். செத்துவிட்டான் என்று தெரிந்ததும் மெதுவாகத் திறந்து, உயிர் வெளியே போகிறதா என்று உற்றுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொருவனைச் சாகும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தான். செத்த பிறகு எடை கூடியிருந்ததாம். கொடூரம்தான், ஆனாலும் கேள்வி தெளிவானது. அமெரிக்காவின் மாசசூசெட்சில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், மரணப்படுக்கையில் கிடந்த ஆறு பேரைத் தராசில் ஏற்றி, ஒருவரிடம் கண்ட எடைக்குறைவை வைத்து ஆன்மாவின் எடை 21 கிராம் என்ற கதைக்கு வித்திட்டது 1907இல்தான். பாயாசி ஆன்மா இல்லை என்று காட்டப் போனான், மெக்டூகல் உண்டு என்று காட்டப் போனார். தராசு இரண்டு பேருக்கும் உதவவில்லை.

சித்த மருத்துவத்தையும் சித்தர்களையும் கொண்டுவந்து இன்னொரு பதில் சொல்லப்படும்: எங்கள் வைத்தியர் நாடி பிடிக்கும்போதே மனத்தையும் பார்க்கிறார் என்று. பார்க்கட்டும். இளவரசியின் இருமலுக்கு மனத்துயரத்தைக் காரணம் காட்டிய டெகார்த்தும் அதைத்தான் செய்தார். உடலைக் கோயில் என்று போற்றும் பாடல்களையும் எடுத்துவைப்பார்கள். கோயில் என்றாலே கட்டடம் ஒன்று, உள்ளே குடியிருப்பவர் ஒருவர். கட்டடத்தின் பெருமையைப் பாடினால் இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள்.

எலிசபெத்தின் கேள்விக்கும் இங்கே வரலாறு உண்டு. எந்தச் செயலும் இல்லாத புருடன், அறிவே இல்லாத பிரகிருதியோடு எப்படிச் சேர்ந்து உலகத்தை நடத்த முடியும்? குருடன் தோளில் முடவன் ஏறி வழி காட்டுவதுபோல என்கிறது சாங்கியம். சங்கரர் விடவில்லை. முடவனுக்குக் கால் இல்லையென்றாலும் வாய் இருக்கிறது, 'இடப்பக்கம் திரும்பு' என்று சொல்ல முடியும். உங்கள் புருடனால் அதுவும் முடியாதே என்று கேட்டார். இளவரசி கடிதம் எழுதுவதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே சாங்கியத்தின் மென்னியைப் பிடித்த கேள்வி அது. சைவ சித்தாந்தம் வேறு வழியில் போனது: ஆன்மாவுக்குச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பு உண்டு, உடலோடு சேர்ந்தால் உடலாகவே நிற்கும், இறைவனோடு சேர்ந்தால் அவன் தன்மையில் நிற்கும். நுட்பமான பதில். ஆனால் சேர்க்கை எப்படி நிகழ்கிறது என்று இளவரசி மறுபடி கேட்டிருந்தால், மெய்கண்டாரின் மாணவர்களும் இறைவனின் அருளைத்தான் சுட்டியிருப்பார்கள். டெகார்த்துக்குப் பின் வந்த தத்துவவாதி மால்பிரான்ஷ் அதையேதான் செய்தார்.

இந்தப் பழங்கேள்வி மூளை அறிவியலால் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியும் யாருக்கும் கிடையாது. 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், மூளையில் உணர்வு பிறக்கும் தடயம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையேறி, தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். பூதவாதியின் வாரிசுகள் இன்னும் வெல்லவில்லை. அதனால் டெகார்த்தின் வாரிசுகள் வென்றதாகவும் பொருளில்லை.

இந்த நிலையில் 'நம் மரபு பிரிக்கவே இல்லை' என்று சொல்வது, இங்கே நடந்த சண்டை மொத்தத்தையும் அழித்துவிடுகிறது. மணிமேகலை பூதவாதியைப் பார்த்து நகைத்து, உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மடக்கினாள். சங்கரர் சாங்கியரை மடக்கினார். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் 'சிவஞான சித்தியார்' பரபக்கத்தில், உலகாயதனில் தொடங்கி, பௌத்தர் நால்வர், சமணர், ஆசீவகர், மாயாவாதி, சாங்கியர் என்று பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அவரவர் வாதத்தை முதலில் சொல்லவைத்து, பிறகு மறுத்தார். அந்தப் 14 பேரும் மறுத்தவரும் சேர்ந்து ஒரே குரலில் 'முழுமை' பாடினார்கள் என்பதை அருணந்தியே ஏற்க மாட்டார்.